வாசல் திறந்த வீடு

நுழையும்முன்

அநீதியைக் கண்டு வருந்துவோர் பலர். அதனை எதிர்த்துக் குரல் எழுப்புவோர் சிலர். அதனை நீக்குவது தம் பொறுப்பே என்று ஏற்று, தம் வீட்டு வாசலைத் திறந்து வைப்போர் மிகச் சிலர். பெண்கள்மீது இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுக்கச் சட்டங்கள் தேவை, போராட்டங்களும் தேவை. எனினும், கொடுமை செய்யும் கை தானே நிற்கவேண்டும். கண்டும் காணாததுபோல் கடந்து செல்லும் கால்களும் நிற்கவேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வாலேயே உணர்த்தியவர் சாவித்திரிபாய் பூலே. பெண் கல்வியின் முன்னோடியாக நாம் அறிந்த அவ்வம்மையாரின் வாழ்வில் அதிகம் பேசப்படாத பக்கங்களை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

மராட்டிய மண்ணில் சாத்தாரா மாவட்டத்தைச் சேர்ந்த நைகாவ் என்னும் சிற்றூரில் 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே, தாயார் இலட்சுமிபாய். தோட்டப் பயிர்த்தொழிலை வழிவழியாகச் செய்துவந்த மாளி சமூகத்தைச் சேர்ந்தது அவர்தம் குடும்பம். பெண்குழந்தைகள் எழுத்தறிவு பெறுவது குடும்பத்துக்குக் கேடு விளைவிக்கும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அதனால், வயலும் வீடும் அறிந்த சிறுமியாகவே அவர் வளர்ந்தார்.

1840ஆம் ஆண்டில் புனே நகரைச் சேர்ந்த ஜோதிராவ் பூலேவுக்கு அவரை மணம் செய்து வைத்தனர். அப்போது மணமகளுக்கு வயது 9. மணமகனுக்கு வயது 13. குழந்தை மணம் இயல்பாக ஏற்கப்பட்ட அந்நாளில் இதனை எவரும் வியப்பாகக் கருதவில்லை. ஆனால், அத்திருமணத்துக்குப் பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜோதிராவ், தாம் கற்றவற்றைத் தம் மனைவிக்கும் கற்பிக்கத் தொடங்கினார். எழுத்தும் எண்ணும் அறிந்த சாவித்திரிபாய், பின்னர் அகமதுநகரிலும் புனேவிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். கணவர் கொளுத்திய விளக்கைத் தம் கையில் வாங்கிக்கொண்ட அவர், அதனைப் பிறர் வீடுகளுக்கும் கொண்டு செல்லத் துணிந்தார்.

கல்வியும் கல்லெறியும்

1848ஆம் ஆண்டு புனேவில் பிடே வாடா என்னும் மாளிகையில் பெண்களுக்கான பள்ளியை இவ்விணையர் தொடங்கினர். அதில் ஆசிரியராகப் பொறுப்பேற்றபோது சாவித்திரிபாய்க்கு வயது 17. பெண் ஒருத்தி பள்ளிக்குச் சென்று பாடம் சொல்வதைப் பழைமையில் ஊறிய ஊராரால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. அவர் தெருவில் நடந்து செல்லும்போது வசைமொழிகள் வந்தன. பின்னர்ச் சாணமும் சேறும் கற்களும் வந்தன. அவர் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. கையில் ஒரு மாற்றுச் சேலையை எடுத்துச் சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்குப்பட்ட சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். மாலையில் வீடு திரும்பும்போது மீண்டும் பழைய சேலையை உடுத்திக்கொண்டார்.

பெண் பொதுவெளியில் நடமாடுவதையே குற்றமாகக் கருதி, அவளை அஞ்சவைத்து வீட்டுக்குள் திருப்பி அனுப்ப முயன்ற வன்முறை அது. அவ்வன்முறைக்கு எதிரான அவருடைய மறுப்பு, நாள்தோறும் அதே தெருவில் நடப்பதாகவே அமைந்தது.

ஊராரின் சினம் குடும்பத்தின்மேலும் பாய்ந்தது. நெருக்குதலுக்கு அஞ்சிய மாமனார், பள்ளியைக் கைவிட வேண்டும். இல்லையேல் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றார். இருவரும் வீட்டைவிட்டு வெளியேறினர், பள்ளியை விடவில்லை. 1852ஆம் ஆண்டளவில் அவர்கள் நடத்திய பெண்கள் பள்ளிகள் மூன்றாயின. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்துச் சிறுவர் சிறுமியருக்கும் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. பள்ளிப் பணியில் தமக்குத் துணைநின்ற பாத்திமா என்னும் தோழியைச் சாவித்திரிபாய் தம் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டுள்ளார்.

1856ஆம் ஆண்டில் நோயுற்றுப் பிறந்தகத்தில் ஓய்வு பெற்றபோது, அவருடைய உடன்பிறந்தாரே அவர் பணியைக் குறை கூறினார். ஒதுக்கப்பட்ட மக்களுக்காக உழைப்பது குலத்துக்கு இழுக்கு என்பது அவர் கருத்து. ஆட்டையும் மாட்டையும் அன்போடு தடவிக்கொடுப்பவர், நாகபஞ்சமி நாளில் நச்சுப் பாம்புக்கும் பால் வார்ப்பவர், உடன் வாழும் மனிதரை மட்டும் தொட மறுப்பது ஏன் என்று சாவித்திரிபாய் கேட்டார். உடன்பிறந்தாரிடம் விடை இல்லை. இவ்வுரையாடலை அவர் கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் நமக்குத் தெரிவிக்கிறது.

கைம்பெண்களின் துயர்

அக்காலத்தில் உயர்வகுப்பினர் எனப்பட்டோர் குடும்பங்களில் பெண்குழந்தைகளை மிக இளமையிலேயே மணம் செய்து கொடுத்தனர். மணமகன் வயதில் மிக மூத்தவனாக இருப்பதும் உண்டு. கணவன் இறந்தால், விளையாட்டுப் பருவம் கடவாத சிறுமியும் கைம்பெண்ணானாள். அவளுடைய தலை மழிக்கப்பட்டது. வண்ண ஆடையும் அணிகலனும் பறிக்கப்பட்டன. ஒருவேளை உணவும் ஓயாத வேலையுமே அவளுக்கு எஞ்சின. நற்காரியங்களில் அவள் முகத்தில் விழிப்பதே தீமை எனப்பட்டது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண் மறுமணத்தை ஏற்றது. எனினும், சட்டம் ஏற்றதைச் சமூகம் ஏற்கவில்லை.

காப்பார் எவருமற்ற அப்பெண்கள் பலர், தாம் வாழ்ந்த வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்த ஆடவரின் வஞ்சனைக்கு ஆளாயினர். கருவுற்றது வெளியில் தெரிந்தால் ஊரும் உறவும் அவளைத் துரத்தும். வஞ்சித்தவனை எவரும் கேளார். ஆகவே, கருவைக் கலைக்க நச்சு மருந்துகளை உண்டு உயிரிழந்தோர் உளர். கிணற்றிலும் ஆற்றிலும் வீழ்ந்து மாண்டோர் உளர். பெற்ற குழந்தையைத் தம் கையாலேயே கொன்று, ஆயுள் முழுவதும் அத்துயரைச் சுமந்தோரும் உளர்.

அத்தகைய நிகழ்வு ஒன்று பூலே இணையரின் நெஞ்சை உலுக்கியது. அவர்களுடைய நண்பர் ஒருவரின் இல்லத்தில் இளம் கைம்பெண் ஒருவர் சமையற்பணி செய்துவந்தார். அண்டையில் இருந்த, சாத்திரம் கற்ற ஆடவன் ஒருவனின் வஞ்சனையால் அவர் கருவுற்றார். கருவைக் கலைக்கச் செய்த முயற்சிகள் பயன்தரவில்லை. குழந்தை பிறந்தது. அவமானத்துக்கு அஞ்சிய தாய் அதனைக் கொன்று கிணற்றில் இட்டார். வழக்கு நடந்தது. அந்தமான் தீவுக்கு ஆயுள் முழுவதும் நாடுகடத்த வேண்டுமென அப்பெண்ணுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது.

நகரம் இச்செய்தியைச் சில நாள் பேசி மறந்தது. குற்றம் செய்தவள் தண்டனை பெற்றாள் என்பதோடு பலருக்கு நிறைவு ஏற்பட்டுவிட்டது. ஆனால், அந்தத் தாய் குழந்தையைப் பெற்றெடுக்க அஞ்சாமல் செல்லக்கூடிய ஓர் இடமேனும் இந்நகரில் இருந்ததா என்னும் வினா பூலே இணையரைவிட்டு அகலவில்லை. அத்தகைய இடம் ஒன்றும் இல்லை. அவ்வாறாயின் அதனை அமைக்க வேண்டியவர் யார்? அவர்கள் பிறரை எதிர்நோக்கி இருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

கணவனின் சிதையில் மனைவியை எரிக்கும் உடன்கட்டை வழக்கம் 1829ஆம் ஆண்டு வங்காளத்திலும், 1830ஆம் ஆண்டு சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856ஆம் ஆண்டு நிறைவேறியது. பெண்ணின் இசைவு வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய சட்டம் 1891ஆம் ஆண்டு வந்தது. இச்சட்டங்களுக்கு இடைப்பட்ட நீண்ட காலத்தில், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தந்தவை தனிமனிதர் சிலரின் இல்லங்களே ஆகும்.

திறந்த வாசல்

1863ஆம் ஆண்டு தம் வீட்டு வளாகத்திலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லத்தை இவ்விணையர் தொடங்கினர். கைம்பெண்கள் அங்கு வந்து பாதுகாப்பாகவும் மறைவாகவும் குழந்தை பெறலாம். விரும்பினால் குழந்தையை எடுத்துச் செல்லலாம். இயலாவிடில் அங்கேயே விட்டுச் செல்லலாம் என்னும் செய்தியைத் தாங்கிய அறிவிப்புகள் நகரின் சுவர்களில் ஒட்டப்பட்டன. எவரும் வெளிப்படையாகப் பேசக் கூசிய ஒன்றை, ஊரறியச் சுவரில் எழுதி ஒட்டியது அக்காலத்தில் பெரும் புரட்சியாகும்.

இதில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பூலே இணையர் பிறந்த சமூகத்தில் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள வழக்கம் இடம் தந்தது. எனவே, கட்டாயக் கைம்மையின் கொடுமை அவர்தம் குடும்பத்துக்கு நேர்ந்த துன்பம் அன்று. அவர்கள் அடைக்கலம் தந்த பெண்கள், அவர்களைத் தாழ்ந்தோர் என ஒதுக்கிய வகுப்பினரின் வீடுகளிலிருந்து வந்தவர்கள். சாவித்திரிபாய்மீது சேற்றை வீசிய தெருக்களிலிருந்தும் அப்பெண்கள் வந்திருக்கக்கூடும். அவர் அதனைக் கேட்கவில்லை. துன்புற்று வந்தவர் பெண். அவர் வயிற்றில் ஓர் உயிர். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மகப்பேற்றின்போது உடனிருத்தல், பத்தியம் சமைத்தல், பிறந்த குழந்தையைப் பேணுதல், அழும் தாயைத் தேற்றுதல் ஆகிய பணிகள் சாவித்திரிபாயின் அன்றாடக் கடமைகளாயின. 1884ஆம் ஆண்டு ஜோதிராவ் எழுதிய குறிப்பின்படி, அதுவரை 35 கைம்பெண்கள் அவ்வில்லத்தில் குழந்தை பெற்றனர். அக்குழந்தைகளுள் உயிர் பிழைத்தவை ஐந்தே. ஏனைய முப்பதும் இறந்தன. கருவை மறைக்கத் தாய்மார் முன்னரே உண்ட நச்சு மருந்துகள் கருவிலேயே அவற்றைச் சிதைத்திருந்தன.

இந்த எண்கள் நெஞ்சைக் கனக்கச் செய்கின்றன. பாதுகாப்பான வீடு ஒன்று இருப்பதை அறிந்து, அதனை நம்பி, அச்சம் நீங்கி வருவதற்குள் அப்பெண்களில் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. முப்பது குழந்தைகளின் இறப்பைத் தம் கண்முன் கண்ட பின்னும் சாவித்திரிபாய் அவ்வாசலை மூடவில்லை. அடுத்து வருபவளாவது உரிய காலத்தில் வரக்கூடும் என்னும் நம்பிக்கையே அவரைச் செயற்படுத்தியது.

பிறர் பெற்ற பிள்ளை

பூலே இணையருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. பிள்ளை இல்லாத குறைக்கு மனைவியையே காரணமாக்கி, ஆடவன் மற்றொரு பெண்ணை மணந்துகொள்வது அக்காலத்து வழக்கம். உற்றார் அதனையே வற்புறுத்தினர். ஜோதிராவ் உறுதியாக மறுத்தார். குறை எவரிடத்தும் இருக்கலாம். பெண்ணை மட்டும் அதற்காகத் தண்டிப்பது அறமன்று என்பது அவர் நிலைப்பாடு. பெண்ணுரிமையை மேடையில் பேசியவர், அதனைத் தம் வீட்டிலும் கடைப்பிடித்தார்.

1874ஆம் ஆண்டு, தம் இல்லத்தில் அடைக்கலம் பெற்ற பிராமணக் கைம்பெண் ஒருவர் பெற்ற ஆண்குழந்தையை இவ்விணையர் மகனாக ஏற்றனர். அக்குழந்தைக்கு யஷ்வந்த் எனப் பெயரிட்டனர். எந்தக் குழந்தையைச் சமூகம் பழிச்சின்னமாகக் கருதிக் கிணற்றில் எறியச் சொல்லியதோ, அதே நிலையில் பிறந்த குழந்தை அவர்களுடைய பெயரையும் உடைமையையும் பெற்று வளர்ந்தது. மருத்துவம் கற்று மருத்துவராயிற்று.

கூட்டத்தின் குறுக்கே

1868ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சாவித்திரிபாய் தம் பிறந்த ஊரில் இருந்தபோது நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை அவர் கணவருக்கு எழுதிய கடிதம் விவரிக்கிறது. பஞ்சாங்கம் கணித்து ஊர் ஊராகச் சென்று பிழைத்துவந்த பிராமண இளைஞர் ஒருவரும், தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மகர் சமூகத்துப் பெண் ஒருவரும் காதலித்தனர். அப்பெண் ஆறு திங்கள் கருவுற்றிருந்தார். செய்தி அறிந்த ஊரார் இருவரையும் பிடித்து அடித்தனர். தெருத்தெருவாக இழுத்துச் சென்றனர். இருவரையும் கொல்வதே அவர்கள் நோக்கம்.

சாதியின் மானம் காக்கப்படுவதாகக் கருதி ஊரே திரண்டு செய்யும் கொலையை எதிர்ப்பது எளிதன்று. செய்தி செவியில் விழுந்ததும் சாவித்திரிபாய் அவ்விடத்துக்கு விரைந்தார். கொலை செய்தால் ஆங்கிலேய அரசின் சட்டப்படி நேரக்கூடிய விளைவுகளை அக்கூட்டத்துக்கு எடுத்துரைத்தார். கூட்டம் தயங்கியது. உயிரை விட்டுவிடுவதாகவும், இருவரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றும் ஊரார் கூறினர். அவ்விருவரையும் சாவித்திரிபாய் கடிதத்தோடு புனேவிலிருந்த தம் கணவரிடம் அனுப்பி வைத்தார்.

காவலரும் இல்லை, கணவரும் உடனில்லை. அவரிடம் இருந்தவை கற்ற அறிவும் அறத்துணிவுமே ஆகும். சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்த ஒருவர், உரிய நேரத்தில் அதனை அஞ்சாது எடுத்துரைத்தமையால் மூன்று உயிர்கள் பிழைத்தன. பெண்கல்வி எதற்கு என்று கேட்டோருக்கு, அவர் தம் பிறந்த ஊரின் தெருவிலேயே விடை அளித்தார் எனலாம்.

மணப்பந்தலில் உறுதிமொழி

1873ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் சத்யசோதக் சமாஜ் என்னும் உண்மை தேடுவோர் சங்கத்தை ஜோதிராவ் நிறுவினார். புரோகிதரும் பெருஞ்செலவும் வரதட்சணையும் இன்றி நடைபெறும் எளிய திருமணங்களை இச்சங்கம் அறிமுகப்படுத்தியது. அவ்வகைத் திருமணங்களுள் முதலாவது அதே ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் நடைபெற்றது.

அத்திருமண முறையில் மணமகள் வாய்மூடி அமர்ந்திருப்பவள் அல்லள். பெண்களுக்கு மறுக்கப்பட்ட உரிமைகளை அவள் எடுத்துக்கூறிக் கேட்பாள். அவ்வுரிமைகளை வழங்குவதாக மணமகன் அவையோர் முன்னிலையில் உறுதி கூறுவான். பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமைகளுள் பெரும்பாலானவை வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்பவை. அங்கே காவலர் இரார், நீதிமன்றமும் இராது. ஆகவே, இல்லறத்தின் முதல் நாளிலேயே ஆடவனின் பொறுப்பைப் பலர் அறிய உரைக்கச் செய்தது இம்முறை. சாவித்திரிபாய் அத்திருமணங்களில் முன்னின்று பணியாற்றினார்.

கத்தியைக் கீழே வைத்த கைகள்

கைம்பெண்ணின் தலையை மழிக்கும் வழக்கத்துக்கு அக்காலத்தில் சட்டத்தடை ஏதும் இல்லை. வீட்டாரின் ஆணைப்படி முடிதிருத்தும் தொழிலாளர் வந்து அச்செயலைச் செய்துவந்தனர். அழுது நடுங்கும் இளம்பெண்ணைப் பிடித்து அமர்த்தி மழிக்கும்போது, அத்தொழிலாளரின் நெஞ்சமும் வருந்தியிருக்கும். எனினும், கூலிக்குச் செய்யும் தொழில் என்றும் வழிவழி வந்த கடமை என்றும் கருதி அவர்கள் அதனைத் தொடர்ந்து செய்தனர்.

சத்யசோதக் சமாஜத்தின் முன்னணித் தொண்டரும், பம்பாய் ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காகப் பாடுபட்டவருமான நாராயண் மேகாஜி லோகண்டே இதனை வேறொரு கோணத்தில் நோக்கினார். கொடுமையை விதிப்போர் வேறு. அதனைச் செய்து முடிக்கும் கைகள் வேறு. விதிப்போர் மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செய்யும் கைகள் மறுத்தால் கொடுமை நின்றுவிடும். 1890ஆம் ஆண்டு பம்பாயில் முடிதிருத்தும் தொழிலாளரின் கூட்டம் அவருடைய முயற்சியால் கூடியது. கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று அவர்கள் அக்கூட்டத்தில் முடிவெடுத்தனர்.

அத்தொழிலாளர் செல்வர் அல்லர். கல்வி கற்றவரும் அல்லர். மறுப்பதால் கூலியை இழப்பர். செல்வாக்குடையோரின் சினத்துக்கும் ஆளாவர். இருந்தும், தம் தொழிலின் பெயரால் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தமக்கும் பங்குண்டு என்பதை அவர்கள் ஏற்றனர். பொதுப் போராட்டமும் தனிமனிதப் பொறுப்பும் ஒன்றாக இணைந்த அரிய நிகழ்வு இதுவாகும். பூலே இணையர் பல்லாண்டுகளாக விதைத்த விதை, அவர்கள் நேரில் அறிந்திராத தொழிலாளரின் உள்ளங்களிலும் முளைத்திருந்தது.

தீச்சட்டி ஏந்திய கை

1890ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலம் புறப்படும் நேரத்தில் உறவினரிடையே பூசல் எழுந்தது. இறந்தவரின் உடலுக்கு முன்னே தீச்சட்டி ஏந்திச் செல்வது மகனின் உரிமை. ஆனால், யஷ்வந்த் வளர்ப்பு மகன் என்று கூறி உறவினர் தடுத்தனர். கைம்பெண் ஆகிவிட்டவர் மூலையில் ஒடுங்கவேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்நேரத்தில், சாவித்திரிபாய் முன்வந்து தீச்சட்டியைத் தம் கையில் ஏந்தினார். ஊர்வலத்தின் முன்னே நடந்து சென்று கணவரின் சிதைக்குத் தாமே தீ மூட்டினார்.

அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்வரை அந்நாட்டில் கணவனின் சிதையில் மனைவியை எரித்த வழக்கம் இருந்தது. கணவரின் சிதைக்குத் தீ மூட்டி, நிமிர்ந்து நின்று, வீடு திரும்பிப் பணியைத் தொடர்ந்த பெண்ணை அந்நகரம் அன்று கண்டது. அதன் பின்னர்ச் சத்யசோதக் சமாஜத்தை வழிநடத்தும் பொறுப்பைச் சாவித்திரிபாய் ஏற்றார். 1893ஆம் ஆண்டு சாஸ்வட் நகரில் நடைபெற்ற அச்சங்கத்தின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1854ஆம் ஆண்டிலேயே கவிதை நூல் வெளியிட்ட அவர், தம் எழுத்துப் பணியையும் கைவிடவில்லை.

இறுதிப் பயணம்

1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் விரைவில் புனேவையும் தாக்கியது. உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். சாவித்திரிபாய் தம் மகனை அழைத்து, நகருக்கு வெளியே அடப்சர் பகுதியில் மருத்துவ விடுதி ஒன்றைத் தொடங்கச் செய்தார். நோயுற்றோரைத் தேடிச் சென்று அவ்விடுதிக்குக் கொண்டுவருவதைத் தம் பணியாக ஏற்றார்.

முண்ட்வா என்னும் ஊரின் புறத்தே ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியில் சிறுவன் ஒருவன் நோயுற்றுக் கிடப்பதை அவர் அறிந்தார். அவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு விடுதியை நோக்கி நடந்தார். அப்போது அவருக்கு வயது 66. சிறுவன் பிழைத்தான். ஆனால், நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் சாவித்திரிபாய் இயற்கை எய்தினார். அதே கொள்ளைநோய்க்கு அவ்வாண்டிலேயே லோகண்டேவும் பலியானார்.

நிறைவாக

இந்திய அரசு 1998ஆம் ஆண்டு சாவித்திரிபாய் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. புனே பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டுமுதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருகாலத்தில் அவர்மீது கல்லெறிந்த நகரம், இன்று தன் உயர்கல்விக்கு அவர் பெயரையே சூட்டிக்கொண்டுள்ளது.

பெண்கள்மீதான வன்கொடுமை ஒருவரின் கையால் மட்டும் நிகழ்வதில்லை. அதனை ஏவுவோர், செய்வோர், மறைப்போர், பார்த்தும் பேசாதிருப்போர் எனப் பலர் அதில் பங்கு கொள்கின்றனர். அதனால், அதனை ஒழிக்கும் பொறுப்பும் பலருக்கு உரியதாகிறது. சாவித்திரிபாய் வீட்டை அடைக்கலமாக்கினார்; ஜோதிராவ் ஆடவருக்கு வழக்கம் தந்த சலுகையை மறுத்தார்; முடிதிருத்தும் தொழிலாளர் கத்தியைக் கீழே வைத்தனர். ஒவ்வொருவரும் தம் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு கொடுமையை நிறுத்தினர். தெருவில் எழுப்பும் முழக்கம் இத்தகைய செயல்களோடு சேரும்போதே பயன் தருகிறது. நம் ஒவ்வொருவரின் கைக்கும் எட்டிய இடம் ஒன்று உண்டு. அது எதுவென அறிவதே இவ்வம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய முதற்பாடம் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. முடிதிருத்தும் தொழிலாளர் எடுத்த முடிவைப் போல, இன்றைய சூழலில் பெண்களுக்கு எதிரான கொடுமைகளைத் தடுக்க வெவ்வேறு தொழில் செய்வோர் தத்தம் நிலையில் எவ்வாறு செயற்படலாம் என்பது குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. சட்டம் இயற்றுதல், பொதுப் போராட்டம், தனிமனிதப் பொறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைநிற்கின்றன என்பதைப் பாடக் கருத்துகளின்வழி விளக்கி ஒருபக்க அளவில் எழுதுக.

3. துன்புறும் பெண்கள் உதவி பெறுவதற்குரிய 181 என்னும் தொலைபேசி எண்ணைப் பற்றிய விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.